பிரேஸ் கட்டினால் நடக்கவேணும்

ஸ்டீல்ஸ் வீதிக்குத் தெற்கே ரொறன்ரோ, வடக்கே மார்க்கம். எல்லை பிரிந்தாலும் மில்லிக்கனின் இரண்டு பக்கத்து வீடுகளிலும் ஒரே காட்சிதான்: கைப்பிடியை இறுக்கிப் பிடித்து, உடம்பைப் பக்கவாட்டில் திருப்பி, ஒவ்வொரு படியாக இறங்கும் அம்மாக்கள். அந்த வீட்டு அலுமாரியைத் திறந்தால் அநேகமாக ஒரு முழங்கால் பெல்ட் இருக்கும். மருந்துக்கடையில் வாங்கியதாக இருக்கலாம், சித்தி கொண்டுவந்து தந்ததாக இருக்கலாம், மகன் அமேசனில் எடுத்துக் கொடுத்ததாகவும் இருக்கலாம். நாலு நாள் கட்டிப் பார்த்து, "ஒரு சுகமும் இல்லை" என்று கழற்றி வைத்தது.

என் அம்மா அன்லோடர் என்ற வகை முழங்கால் பிரேஸ் போடத் தொடங்கி இரண்டாவது குளிர்காலம் நடக்கிறது. அதைக் கேள்விப்பட்டு விசாரிக்கிற சொந்தக்காரருக்கும் சிநேகிதருக்கும் போனில் துண்டு துண்டாகச் சொல்லி வந்தேன். இனி முழுதாக எழுதிவிடுகிறேன். என் கருத்து இதுதான்: நோ எவ்வளவு குறைந்தது என்பதை மட்டும் வைத்துப் பிரேஸை எடைபோடக்கூடாது. அதைக் கட்டிக்கொண்டு அந்த மனுசி முன்பைவிடக் கூட நடக்கிறாவா என்று பார்க்கவேணும். நடக்கிறா என்றால் அது நல்ல பிரேஸ். கட்டிக்கொண்டு சோபாவில் இருக்கிறா என்றால், எத்தனை நூறு டொலர் கொடுத்து வாங்கியதாக இருந்தாலும் அந்தக் காலுக்குப் பிரயோசனம் இல்லை.

அம்மாவின் கால் இரண்டும் கொஞ்சம் வில்லாக வளைந்தவை. கனடாவுக்கு வந்த பிறகு பல வருடம் பொதி செய்யும் தொழிற்சாலையில் சீமெந்து நிலத்தில் நின்றபடியே வேலை. அறுபது தாண்டியதும் காலையில் கட்டிலால் எழும்பினால் விறைப்பு, பின்னேரம் உளைவு. வலது முழங்காலின் உட்பக்கத்தை ஒற்றை விரலால் தொட்டுக் காட்டுவா. அந்த விரல் எங்கே போகிறது என்பது முக்கியமான தகவல் என்று பிறகுதான் எங்களுக்கு விளங்கியது.

முழங்காலுக்குள் பாரம் தாங்கும் இடங்கள் மூன்று: உட்பக்கம், வெளிப்பக்கம், முழங்காற்சில்லுக்குப் பின்பக்கம். நேரான கால் உள்ளவர் நடக்கும்போதுகூடப் பாரத்தின் பெரும்பங்கு உட்பக்கத்தில்தான் விழுகிறது. கால் வெளியே வளைந்திருந்தால் இன்னும் அதிகம். உட்பக்கக் குருத்தெலும்பு தேயத் தேய இடைவெளி குறுகும், இடைவெளி குறுகக் குறுகக் கால் மேலும் வளையும், வளைவு கூடக் கூடப் பாரம் மறுபடி அதே பக்கத்தில் ஏறும். வண்டியில் அச்சு சரிந்துவிட்டால் ஒரு பக்கச் சக்கரம் மட்டும் தேய்ந்துகொண்டே போகுமே, அந்த மாதிரி.

பாரம் என்றால் எவ்வளவு என்று பெர்லின் ஷரித்தே மருத்துவமனை ஆய்வாளர்கள் நேரடியாகவே அளந்திருக்கிறார்கள். முழங்கால் மாற்றுச் சத்திரசிகிச்சை செய்த சிலருடைய செயற்கை மூட்டுக்குள்ளேயே அளவுமானியை வைத்தார்கள். சமதரையில் நடக்கும்போது மூட்டில் விழுவது உடல் எடையின் ஏறத்தாழ இரண்டரை மடங்கு. படி இறங்கும்போது ஏறத்தாழ மூன்றரை மடங்கு. எங்கள் அம்மாக்கள் படி இறங்குவதற்கு ஏன் பயப்படுகிறார்கள் என்பதற்கு அந்த எண்ணே போதும்.

இனி பெல்ட் வகைகள். கடையில் இருபது முப்பது டொலருக்குக் கிடைக்கும் இழுபடும் துணி உறை ஒரு வகை. அது மூட்டைச் சூடாக வைத்திருக்கும். தோலில் அழுத்தம் இருப்பதால் கால் எங்கே நிற்கிறது என்ற உணர்வு கொஞ்சம் தெளிவாகும், காலில் ஒரு நம்பிக்கை வரும். பாரத்தை அது ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு மாற்றாது. அந்த வேலைக்கென்று செய்யப்பட்டதுதான் அன்லோடர். தொடையில் ஒரு சட்டம், கெண்டையில் ஒரு சட்டம், இரண்டையும் இணைக்கும் பிணைச்சல், குறுக்கே இழுத்துக் கட்டும் பட்டிகள். மேலே ஒரு இடம், கீழே ஒரு இடம், எதிர்ப்பக்கத்தில் முழங்காலடியில் ஒரு இடம் என்று மூன்று புள்ளிகளில் அழுத்தி, வளைந்த காலைச் சற்று நிமிர்த்திப் பிடிக்கும். அதனால் தேய்ந்த பக்கத்தில் விழும் பாரத்தில் ஒரு பங்கு மறுபக்கத்துக்குப் போகும். ஐஸ்லாந்தின் ஒசூர், அமெரிக்காவின் டொன்ஜோய் எல்லாம் இந்த வகையைச் செய்கின்றன. எங்கள் நாட்டிலேயே நோவா ஸ்கோஷியாவில் ஸ்பிரிங் லோடட் டெக்னொலஜி என்றொரு கொம்பனி இருக்கிறது. அவர்களுடைய பிரேஸ் வேறு விதம். அது பிணைச்சலில் உள்ள வில்விசையைக் கொண்டு முழங்கால் மடிந்து நிமிரும்போது தொடைத்தசைக்கு உதவும்.

இந்த விசயத்தில் ஒன்ராரியோவுக்கு ஒரு தனி இடம் உண்டு, அது எங்கள் ஆட்களுக்கு அவ்வளவு தெரியாது. 401இல் மேற்கே இரண்டு மணித்தியாலம் ஓடினால் லண்டன் நகரம். அங்கே வெஸ்டேர்ன் ஒன்ராரியோ பல்கலைக்கழகத்தில் அலெக்சாண்ட்ரா கேர்க்லி என்ற எலும்புச் சத்திரசிகிச்சை நிபுணர் இருந்தார். உட்பக்கம் தேய்ந்து கால் வளைந்த 119 பேரை அவருடைய குழு மூன்றாகப் பிரித்தது. ஒரு பகுதிக்கு வழமையான மருத்துவம் மட்டும், ஒரு பகுதிக்கு அதனுடன் துணி உறை, மூன்றாம் பகுதிக்கு அன்லோடர் பிரேஸ். ஆறு மாதம் கழித்து ஆறு நிமிட நடையும் படியேற்றமும் வைத்துப் பார்த்தார்கள். உறை போட்டவர்கள் ஒன்றும் போடாதவர்களைவிட நல்லாயிருந்தார்கள். அன்லோடர் போட்டவர்களுக்கு நடக்கும்போதும் படியேறும்போதும் நோ உறைக்காரரைவிடக் குறைவு. 1999இல் வெளிவந்த அந்த ஆய்வை இன்றைக்கும் பிரேஸ் பற்றி எழுதுகிற பலரும் எடுத்துக் காட்டுகிறார்கள்.

கேர்க்லி தொடக்கிய இன்னொரு ஆய்வு அதைவிடப் பெரிய வேலை செய்தது. தேய்ந்த முழங்காலுக்குள் சிறு துளை வழியாகக் கமரா விட்டு, கழுவிச் சுரண்டித் துப்புரவாக்கும் சத்திரசிகிச்சை அந்தக் காலத்தில் ஊரெல்லாம் நடந்தது. அது உண்மையில் உதவுகிறதா என்று 178 பேரிடம் சோதித்தார்கள். இரண்டு வருடம் கழித்துப் பார்த்தால், பிசியோதெரபியும் மருந்தும் மட்டும் பெற்றவர்களுக்கும் அதோடு சத்திரசிகிச்சையும் செய்தவர்களுக்கும் வித்தியாசம் இல்லை. 2008இல் நியூ இங்கிலாந்து மருத்துவ சஞ்சிகையில் அது வந்தபோது கேர்க்லி உயிரோடு இல்லை. 2002இல் விமான விபத்தில் இறந்துவிட்டார். எத்தனையோ பேரை வீண் சத்திரசிகிச்சையிலிருந்து காப்பாற்றிய அந்தப் பெண்ணை நான் நன்றியோடு நினைக்கிறேன். அம்மாவுக்கும் அவருடைய கதையைச் சொன்னேன்.

பிரேஸ் பற்றிப் பின்னால் வந்த ஆய்வுகள் எல்லாம் அவ்வளவு உற்சாகம் தருபவை இல்லை. அதையும் சொல்லத்தான் வேணும். பிரித்தானியாவில் 466 பேரை வைத்துச் செய்து 2025இல் வெளிவந்த ஆய்வில், ஆலோசனை, உடற்பயிற்சியோடு பிரேஸும் சேர்ந்தவர்களுக்கு ஆறாம் மாதத்தில் கொஞ்சம் கூடுதல் சுகம் இருந்தது. சின்ன வித்தியாசம்தான், வருட முடிவில் அதுவும் தேய்ந்தது. அமெரிக்க வாதநோய் மருத்துவர் சங்கத்தின் 2019 வழிகாட்டி அன்லோடர் போன்ற பிரேஸ்களைப் பலமாகப் பரிந்துரைக்கிறது. இங்கிலாந்தின் நைஸ் அமைப்பு 2022இல் எல்லோருக்கும் வழமையாகக் கொடுக்கவேண்டாம் என்றது. மூட்டு தளம்பினால் அல்லது பாரம் ஒழுங்கில்லாமல் விழுந்தால், பிரேஸ் இல்லாமல் பயிற்சி சரிவராதென்றால், நடமாட்டமும் அதனால் கூடுமென்றால், மூன்றும் சேர்ந்திருந்தால் மட்டும் கொடுக்கலாம் என்பது அவர்கள் கட்டுப்பாடு. இரண்டையும் பக்கத்தில் வைத்து வாசித்தபோது எனக்குப் பட்டது, ஒன்றுக்கொன்று பெரிய முரண் இல்லை என்பதுதான். சரியான முழங்காலுக்குச் சரியான பிரேஸ், கூடவே பயிற்சி. ஏதோ ஒரு முழங்காலுக்கு ஏதோ ஒரு பெல்ட் என்றால் பலன் சராசரியாகச் சின்னதாகத்தான் வரும்.

சரியான முழங்கால் எது என்பதை எக்ஸ்ரேயில் பார்க்கவேணும், அதுவும் நின்றபடி எடுத்த எக்ஸ்ரேயில். படுத்திருந்து எடுத்தால் பாரம் இல்லாதபடியால் உள் இடைவெளி குறுகியிருப்பது சரியாகத் தெரியாது. அம்மாவை நிற்கவைத்து எடுத்த படத்தில் வெளிப்பக்கம் இடைவெளி நல்லாக இருந்தது, உட்பக்கம் எலும்போடு எலும்பு முட்டுகிற அளவுக்கு வந்திருந்தது. ஒரு பக்கம் மட்டும் தேய்ந்து மறுபக்கம் நல்லாயிருக்கும் இப்படியான முழங்கால்தான் அன்லோடருக்குத் தோது. இரண்டு பக்கமும் தேய்ந்திருந்தால் பாரத்தைத் தள்ளிவிட இடமில்லை. சில்லுக்குப் பின்னால்தான் நோ என்றால் அதற்கு வேறு வகைப் பிரேஸ்.

ஆஸ்பத்திரியில் நோயைப் பற்றிக் கேட்டு ஒரு படிவம் தந்தார்கள். வோமாக் என்று பெயர், 24 கேள்வி. உலகம் முழுக்க முழங்கால் ஆய்வுகளில் பாவிக்கும் அந்தப் படிவமும் வெஸ்டேர்ன் ஒன்ராரியோவிலும் மக்மாஸ்டரிலும் உருவானதுதான். படி ஏற, காரில் ஏறி இறங்க, சொக்ஸ் போட, பாத்டப்பில் இறங்க எவ்வளவு கஷ்டம் என்று ஒவ்வொன்றாக விசாரிக்கிறது. சம்மணம் கட்டி இருந்து எழும்ப எவ்வளவு கஷ்டம் என்று ஒரு கேள்வியும் இல்லை. நிலத்தில் குந்தியிருந்து மீன் வெட்டியவருக்கும், கோயிலில் விழுந்து கும்பிடுகிறவருக்கும் முழங்கால் தேய்ந்ததில் முதலில் பறிபோவது அதுதான். அம்மா படிவத்தின் அடியில் அதை எழுதச் சொன்னா. நான் ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தேன். வைத்தியர் அதை வாசித்துவிட்டு நிமிர்ந்து அம்மாவைப் பார்த்துக் கேள்வி கேட்கத் தொடங்கினார். அம்மா அப்பாவோடு போகிறவர்கள் நீங்களும் அப்படிச் செய்யுங்கள்.

பொருத்திய நாளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். பிரேஸ் அலுமாரிக்குள் போவதா காலில் நிற்பதா என்பது அங்கேதான் தீர்மானமாகிறது. அளந்து பொருத்தியவர் ஓர்த்தோட்டிஸ்ட், அதற்கென்று படித்தவர். தொடையின் சுற்றளவு, முழங்காலின் அகலம், கெண்டையின் சுற்றளவு எல்லாம் அளந்தார். அம்மாவைக் கதிரையின் நுனியில் இருத்தி, முழங்காலை மடக்கச் சொன்னார். பிணைச்சலின் நடுப்பகுதி சில்லின் நடுவுக்கு நேராக வரவேணும், ஒரு விரல் கீழே போனாலும் நடக்கும்போது பிரேஸ் ஒரு திசையிலும் முழங்கால் ஒரு திசையிலும் மடியும் என்றார். முதலில் கெண்டைப் பட்டி, அதுதான் அத்திவாரம். பிறகு தொடைப் பட்டி. குறுக்குப் பட்டிகளைக் கடைசியாக, காலை நீட்டிவைத்துக்கொண்டு இழுக்கவேணும். அம்மா எழும்பி நடைபாதை முழுக்க ஒருதரம் போய் வந்தா. "என்னத்தையோ கழற்றி விட்ட மாதிரிக் கிடக்கு பிள்ளை" என்றா. பிறகு கொஞ்சம் யோசித்து, "தொடையிலை வெட்டுது" என்றா. இரண்டையும் அவரிடம் சொன்னேன். மேல் சட்டத்தை வளைத்துத் திருத்தித் தந்தார். அந்த இரண்டாவது வசனத்தை அம்மா எனக்காக விழுங்கியிருந்தால் பிரேஸ் ஒரு கிழமைக்குள் கட்டிலுக்கு அடியில் போயிருக்கும்.

இறுக்கக் கூட்டினால் பலன் கூடும் என்பது உண்மைதான், அதற்கு எல்லை உண்டு. அந்த பெர்லின் குழு இதையும் அளந்தது. நிமிர்த்தும் கோணத்தைக் கூட்டக் கூட்ட உட்பக்கப் பாரம் கூடுதலாகக் குறைந்தது, ஆனால் அவ்வளவு இறுக்கத்தை ஒரு மனுசர் நாள் முழுக்கத் தாங்கமாட்டார். அம்மா முதல் கிழமை ஒரு மணித்தியாலத்தோடு தொடங்கி, மெல்ல மெல்லக் கூட்டினா. வீட்டுக்குள் இருக்கும்போதும் படுக்கும்போதும் போடுவதில்லை. வெளியே போக, கடைக்குப் போக, கோயிலுக்குப் போகத்தான் அது.

சலரோகம் உள்ளவர்கள் தோலைக் கட்டாயம் பார்க்கவேணும். எங்கள் ஆட்களில் சலரோகம் எவ்வளவு என்று எல்லோருக்கும் தெரியும். காலில் உணர்வு மங்கினவருக்குப் பட்டி வெட்டினாலும் தெரியாது. கழற்றிய பிறகு சிவப்பு அரை மணித்தியாலத்துக்குள் மறையவில்லை என்றால், பொருத்தியவரிடம் திரும்பிப் போகவேணும். கெண்டை திடீரென்று வீங்கிச் சூடாக நொந்தால் பிரேஸைக் கழற்றிவிட்டு உடனே வைத்தியரிடம் போகவேணும், அது இரத்தம் கட்டியதாக இருக்கலாம்.

உடுப்பு ஒரு தனிப் பிரச்சினை. சாறிக்கு உள்ளே பிணைச்சல் பாவாடையில் சிக்கும். மெல்லிய பருத்தி லெகின்ஸுக்கு மேலே பிரேஸ், அதற்கு மேல் பாவாடை, சாறி என்று அம்மா ஒரு வழி கண்டுபிடித்தா. பேர்ச்மவுண்ட் கந்தசாமி கோயிலில் சப்பாத்தைக் கழற்றினாலும் பிரேஸைக் கழற்றத் தேவையில்லை. வீதி சுற்றுவதைக் கட்டிக்கொண்டுதான் சுற்றுகிறா. நிலத்தில் இருப்பதை விட்டுவிட்டா, ஓரத்துக் கதிரையில் இருந்து பூசை பார்க்கிறா. முதலில் அது மனவருத்தம். கதிரையில் இருந்து கும்பிட்டாலும் முருகன் கேட்பார் என்று குருக்கள் சொன்ன பிறகு சரியாகிவிட்டது. குளிர்காலத்தில் அகலமான காற்சட்டைக்கு உள்ளே போடுவா. ஐஸ் உறைந்த நடைபாதையில் பிரேஸ் சறுக்கலைத் தடுக்காது. அதற்குச் சப்பாத்தில் முள்ளுத் தகடு, கையில் பொல்லு. பொல்லை நோகிற காலுக்கு எதிர்க்கையில் பிடிக்கவேணும். வலது முழங்கால் என்றால் இடது கை.

காசு. மாகாண மருத்துவக் காப்புறுதியான ஓஹிப், பிரேஸுக்குக் காசு தராது. அளவெடுத்துச் செய்யும் அன்லோடர் ஆயிரம் டொலரைத் தாண்டும், கடையில் அளவு பார்த்து எடுக்கும் ரகம் அதைவிடக் குறைவு. வேலையிடக் காப்புறுதி இருந்தால் வைத்தியரின் கடிதத்தோடு பெரும்பகுதி திரும்பி வரலாம், வாங்க முதல் எழுதிக் கேட்டு அனுமதி எடுங்கள். வருமான வரியில் மருத்துவச் செலவாகவும் காட்டலாம், பற்றுச்சீட்டை வைத்திருங்கள். ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்லவேணும். "பெனிஃபிற் இருக்கோ? பிரேஸ் எழுதித் தாறன், வேறை சாமான் எடுங்கோ" என்று யாராவது சொன்னால் அந்தக் கடையை விட்டு வெளியே வாருங்கள். ரொறன்ரோ பொதுப் போக்குவரத்து நிறுவனமான ரிரிசியின் ஊழியர்கள் இருநூறுக்கும் மேற்பட்டோர் இப்படியான காப்புறுதி மோசடியில் சிக்கி வேலையை இழந்தார்கள் அல்லது விலகினார்கள். உண்மையாகவே பிரேஸ் தேவைப்படுகிறவருக்குக் காப்புறுதிக் கொம்பனிகள் ஆயிரம் கேள்வி கேட்பதற்கு அந்த மாதிரி மோசடிகளும் ஒரு காரணம்.

பிரேஸ் கட்டியதும் அம்மா நடக்கத் தொடங்கினா, ஆனால் அது தானாக வந்துவிடவில்லை. 65 வயது தாண்டியவருக்கு அரசாங்கக் காசில் இயங்கும் பிசியோதெரபி நிலையங்கள் உண்டு, வைத்தியரின் கடிதம் வேணும். கிளாட் என்றொரு திட்டமும் இருக்கிறது. 2013இல் டென்மார்க்கில் தொடங்கிக் கனடாவுக்கு வந்தது. இரண்டு பாட வகுப்பு, பன்னிரண்டு பயிற்சி வகுப்பு. கதிரையிலிருந்து கையூன்றாமல் எழும்புவது, ஒரு படியில் ஏறி மெல்ல இறங்குவது என்று பெரும்பாலும் எளிய பயிற்சிகள்தான். தொடைத்தசை பலப்பட்டால் முழங்காலுக்கு அதுவே உள்ளிருக்கும் பிரேஸ். எடையும் சேர்ந்து குறைந்தால் இரட்டைப் பலன்: ஒரு கிலோ எடை குறைந்தால் ஒவ்வொரு அடியிலும் முழங்காலில் விழும் பாரம் ஏறத்தாழ நாலு கிலோ குறைகிறது.

கோடை முழுக்க அம்மாவை மில்லிக்கன் பார்க்குக்குக் கூட்டிப் போனேன். குளத்தைச் சுற்றிச் சமதரைப் பாதை, இடையிடையே வாங்கில். காலையில் சீன முதியவர்கள் கூட்டமாக நின்று தாய் சீ செய்வார்கள். அம்மா முதலில் தூரத்தில் நின்று பார்த்தா. ஒரு நாள் அவர்களில் ஒரு ஆச்சி கையால் கூப்பிட்டா. இருவருக்கும் பொது மொழி இல்லை, அம்மா பிரேஸைத் தட்டிக் காட்டினா. அந்த ஆச்சி தன் காற்சட்டையைச் சற்று மேலே இழுத்துத் தன் முழங்கால் உறையைக் காட்டினா. அன்றிலிருந்து அம்மா பின்வரிசையில் நின்று செய்கிறா. தாய் சீயை அந்த அமெரிக்க வழிகாட்டி முழங்கால் தேய்மானத்துக்குப் பலமாகப் பரிந்துரைக்கிறது என்று நான் சொன்னபோது, "அது எனக்கு முதலே தெரியும்" என்றா. தாய் சீ முழுக்க உடம்பின் பாரத்தை ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு மெல்ல மாற்றுகிற அசைவுகள்தான். பனிக்காலத்தில் மோலுக்குள் நடக்கிறா, இல்லாவிட்டால் சமூக நிலையத்து நீச்சல்தடாகத்தில் தண்ணீருக்குள் நடக்கிறா. தண்ணீருக்குள் பிரேஸ் தேவைப்படுவதில்லை.

நோ முழுதாகப் போகவில்லை. மழைக்கு முதல் நாள் உளைவு இருக்கிறது என்று சொல்லுவா. எக்ஸ்ரேயில் தெரிந்த இடைவெளி திரும்ப வராது, எந்தப் பிரேஸும் குருத்தெலும்பை வளர்க்காது. ஒரு நாள் சத்திரசிகிச்சை தேவைப்படலாம், அதைத் தோல்வி என்று நாங்கள் எடுக்கப்போவதில்லை. மூட்டுமாற்று நன்றாகச் சரிவருகிற சத்திரசிகிச்சை, பலமான தொடையோடு அதற்குப் போகிறவர் விரைவாக எழும்பி நடக்கிறார். படுத்தால் நித்திரை வராத அளவுக்கு நோ, வீட்டுக்குள்கூட நடக்க முடியாத நிலை வந்தால் பிரேஸை இன்னும் இறுக்கிக்கொண்டு நாளைக் கடத்தவேண்டாம். ஒன்ராரியோவில் இடுப்பு, முழங்கால் தேய்மானத்துக்கென்று துரித மதிப்பீட்டு நிலையங்கள் இருக்கின்றன, குடும்ப வைத்தியர் அங்கே அனுப்புவார்.

வீட்டில் யாருக்கும் பிரேஸ் எழுதித் தந்தால், பொருத்தும் நாளில் நீங்களும் லீவு போட்டுக் கூடப் போங்கள். எந்தப் பக்கம் தேய்ந்திருக்கிறது, இந்தப் பிரேஸ் எந்தப் பக்கத்தைத் தாங்கும் என்று எக்ஸ்ரேயைக் காட்டிக் கேளுங்கள். சரிவராவிட்டால் எத்தனை நாளுக்குள் திருப்பிக் கொண்டுவரலாம், திருத்துவதற்குக் காசு உண்டா என்று கேளுங்கள். வழமையாகப் போடும் சப்பாத்தையே போட்டுக்கொண்டு போகட்டும், அங்கே படி இருந்தால் ஏறி இறங்கட்டும். எங்கே வெட்டுது, எங்கே நழுவுது என்று அவர் தமிழில் சொல்வதை ஒன்றும் விடாமல் சொல்லிக் கொடுங்கள். வீட்டுக்கு வந்ததும் அவரே தனியாகக் கட்டிப் பழகும்வரை பக்கத்தில் இருங்கள். நாங்கள் வேலைக்குப் போன பிறகு, பகல் பதினொரு மணிக்கு, அவர்தான் அதைக் கட்டிக்கொண்டு கதவைத் திறந்து வெளியே போகவேண்டும்.